பழைய 407-க்கு எந்த செல்ஃப் மோட்டார் வாங்குவது?

குலசேகரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் 1997 மாடல் டாடா 407, அப்பா வாங்கியது. வாழைக்குலையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம், களியக்காவிளை, எப்போதாவது நாகர்கோவில் என்று ஓடுகிற வண்டி. கொஞ்ச நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து தடவை திருப்பிய பிறகு இழுத்து இழுத்துச் சுற்றி ஸ்டார்ட் ஆகிறது. "பழைய மோட்டாரையே வேலை பாத்துப் போடலாம்" என்கிறார் மெக்கானிக். "பழசைத் தந்துட்டு ரீகண்டிஷன் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்கிறார் கடைக்காரர். "கியர் டைப் புதுசு போடு, தொட்டதும் எடுக்கும்" என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அந்த 'டக்', பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரின் (எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) குற்றமாக இருப்பதில்லை. அதைத் தீர்த்துக்கொண்ட பிறகும் மோட்டார்தான் என்று உறுதியானால், ஆர்மேச்சரும் (உள்ளே சுற்றும் கம்பிச்சுற்று உருளை) வெளிக்கூடும் நன்றாக இருக்கும்பட்சத்தில் பழையதையே முழுக்கப் பிரித்து வேலை பார்ப்பது நல்லது. ஆர்மேச்சர் போயிருந்தால் புதியது வாங்குங்கள், கம்பெனி பெயரும் பில்லும் உள்ளதாக. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத எக்ஸ்சேஞ்ச் மோட்டார் என் கணக்கில் கடைசி. ஏன் இந்த வரிசை என்பதை இனி விளக்குகிறேன்.

முதலில் சோதனை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், கூட ஓர் ஆள் வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். அடுத்து வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு அடைகல் வைத்து, ஸ்டார்ட் ஆகிவிடாதபடி எஞ்சின் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் குடிக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக நிற்கிறது, ஆனாலும் மோட்டார் திணறுகிறது என்றால் விஷயம் கேபிளில் இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலேயே (கிளாம்பில் அல்ல) வையுங்கள், மறு முனையை சொலினாய்டில் (மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்ச்) அந்தக் கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்துக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே அதேபோல். அங்கே 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இந்தச் சின்ன எண்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுதான ஒரு கிளாம்பில் நூறில் ஒரு ஓம் தடைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பளிச்சென்று எரியும். ஆனால் செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடையில் 3 வோல்ட் போய்விடுகிறது. 12-இல் 3 போனால் மிச்சம் 9. அந்த 3 வோல்ட்டும் 300 ஆம்பியரும் சேர்ந்தால் 900 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ் சூடு அந்தக் கிளாம்பிலேயே வெந்து போகிறது. "லைட் நல்லா எரியுதே, பேட்டரி கேபிள் எல்லாம் ஓகேதான்" என்று சொல்கிற டிரைவர் அண்ணன்மார் கவனிக்க வேண்டியது இதைத்தான். செல்ஃப் அடித்து முடித்ததும் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். எது கையைச் சுடுகிறதோ அதுதான் உங்கள் நோயாளி. சுடும் என்பதால் மெதுவாகத் தொடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நோய் அதிகம். வடநாட்டு லாரிக்கு உறைபனிக் காலையில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி மோட்டார் திணறும். நமக்கு அந்தத் துன்பம் கிடையாது. நமக்கு எதிரி ஈரமும் உப்பும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் உப்புக்காற்று, மீன் ஏற்றினால் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் வேறு. கேபிளின் நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது, ரப்பர் உறைக்குள் ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்துப் போய்க் கிடப்பது. நுனியைச் சுரண்டிப் புது லக் (கேபிள் நுனியில் போல்ட் நுழையும் வளையம்) போட்டால் அது தீராது, கேபிளையே மாற்ற வேண்டும். மாற்றும்போது முழுச் செம்புக் கேபிள்தானா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை மலிவாகக் கிடைக்கிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அது வேண்டாம். 12 வோல்ட் வண்டிக்கு 50 சதுர மி.மீ.-க்குக் குறையாமல் போடுங்கள்.

இன்னொன்று, யாரும் குனிந்து பார்க்காத இடம்: சேசிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாருக்குள் போன அத்தனை கரண்டும் திரும்பி வர இந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான் வழி. எஞ்சின் இறக்கி ஏற்றிய வேலையில் அதை மாட்ட மறந்த வண்டிகள் நிறைய. அப்போது கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் வழி தேடும். அந்தக் கேபிள்கள் சூடாகிக் கருகுவதைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மோட்டார் உருப்படியாகச் சுற்றவில்லை என்றால் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே ஒரு 'டக்', அதன்பின் மௌனம்: சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் உள்ளே செம்புத் தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது ஆர்மேச்சருக்குக் கரண்ட் தரும் கார்பன் கட்டை தேய்ந்து, அதன் முனையிலுள்ள செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி பலவீனம், இல்லாவிட்டால் சொலினாய்டுக்குள் பிடித்து வைத்திருக்கும் காயில் அறுந்திருக்கிறது. மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் (மோட்டாரின் பல்சக்கரத்தை ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) வழுக்குகிறது. கர்ரென்று அரைக்கிற சத்தம் வந்தால் பினியன் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) அல்லது ரிங் கியரின் (எஞ்சின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம்) பல். சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்கவில்லை, வண்டியை கியரில் போட்டு ஒரு முழம் தள்ளினால் எடுக்கிறது என்றால் ரிங் கியரில் ஓரிடத்தில் பல் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரிங் கியரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புது மோட்டாரைத் தின்பது அதுதான். எஞ்சினை அணைக்கும்போது அது எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை. ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ள, குறிப்பிட்ட இடங்களிலேயே போய் நிற்கும். 407-இன் நாலு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஃப்ளைவீலில் எதிரெதிராக இரண்டு இடம், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று இடம். அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது பினியன் வந்து மோதுவதும் அதே பல்லில்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் அந்த இரண்டு இடம் மட்டும் மழுங்கி, மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கும். மோட்டாரைக் கழற்றியதும் அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் சுற்றச் சொல்லி முழு வட்டத்தையும் பாருங்கள். இதைச் செய்யாமல் புது மோட்டார் போட்டால் புதிய பினியனின் பல்லும் சில மாதத்தில் போய்விடும். ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபக்கப் பல்லின் ஓரத்தைச் சாய்த்துத் தேய்த்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தெரிந்த கை செய்தால் ஓடும். சிவக்கச் சூடாக்கினால் பல்லின் உறுதி போய்விடும். கியர் பாக்ஸ் இறக்கும் கூலியை நினைத்தால் புது ரிங் கியரே போட்டுவிடலாம் என்பது என் கருத்து. கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்தால் கூலி ஒன்றுதான்.

சரி, மோட்டார்தான் போயிருக்கிறது. இனி பொருத்தம் பார்ப்பது.

கடையில் போய் "407 செல்ஃப் ஒண்ணு" என்று கேட்காதீர்கள். 407 என்பது 1986-லிருந்து வருகிற வண்டி. அதற்குள் எத்தனையோ மாற்றம். அதோடு, பழைய வண்டிகளில் எஞ்சினையே மாற்றிப் போட்டிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருஷத்தை நம்பி மோட்டார் வாங்கினால் சேசிஸுக்கு வாங்கியதாக ஆகும், எஞ்சினுக்கு அல்ல. எஞ்சின் பிளேட்டைப் பாருங்கள். டாடாவின் 497 என்றால் 4 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 2956 சி.சி. பெரிய லாரிகளில் வந்த 697 ஆறு சிலிண்டர், அதே 97 மி.மீ. போர், 5675 சி.சி. போர் ஒன்றாக இருப்பதால் மோட்டாரும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வண்டி 12 வோல்ட். ஆறு சிலிண்டர் லாரிகள் பலவும் இரண்டு பேட்டரியைத் தொடராக மாட்டி 24 வோல்ட்டில் ஓடுபவை. பழைய சாமான் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். 24 வோல்ட் மோட்டாரை 12-இல் மாட்டினால் சோம்பிச் சுற்றும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 12 வோல்ட் மோட்டாரை 24-இல் மாட்டினால் பேய் பிடித்தாற்போல் சுற்றி ரிங் கியரை மென்றுவிடும்.

ஆகவே உங்கள் பழைய மோட்டாரைக் கழற்றி, உடம்பிலுள்ள தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதிலுள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஜாதகம். தகடு இல்லை, அல்லது ஏற்கெனவே யாரோ வேறு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்றால் மோட்டாரையே கடைக்குத் தூக்கிப் போங்கள், இரண்டையும் தரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். வோல்ட்டும் கிலோவாட்டும் ஒன்றா. மூன்று லிட்டர் டீசலுக்கு இரண்டரை கிலோவாட்டை ஒட்டி வரும், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, குறையக் கூடாது. பினியனில் எத்தனை பல், அதன் வெளி விட்டம் எத்தனை என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். பல்லின் எண்ணிக்கை சரியாக இருந்தும் பல்லின் பருமன் மாறியிருக்கலாம். விட்டத்தை அளந்தால்தான் அது பிடிபடும். பினியன் சுற்றும் திசை. ஃப்ளேஞ்சில் (எஞ்சினோடு சேர்த்து போல்ட் போடும் முகப்பு) எத்தனை போல்ட் துளை, துளைக்கும் துளைக்கும் இடைவெளி. கிளட்ச் ஹவுசிங்குக்குள் நுழைகிற மூக்கின் விட்டம்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. ஃப்ளேஞ்சின் முகத்திலிருந்து, பின்வாங்கி நிற்கிற பினியனின் நுனி வரை உள்ள தூரம். மோட்டார் ஓய்ந்திருக்கும்போது பினியனுக்கும் ரிங் கியருக்கும் நடுவே ஒரு 3 மி.மீ. சந்து வேண்டும். தூரம் குறைவான மோட்டார் என்றால் பினியன் முழுப் பல்லையும் பிடிக்காமல் நுனிப் பல்லில் தொங்கும். தூரம் கூடினால் எஞ்சின் ஓடும்போதே உரசும். போல்ட் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக மோட்டார் பொருந்திவிட்டது என்று ஆகாது.

பழையதை வேலை பார்ப்பதைப் பற்றி. உங்கள் வண்டியில் ஒரிஜினலாக வந்ததாக இருந்தால் அது கனமான டைரக்ட் டிரைவ் மோட்டார். ஆர்மேச்சர் சுற்றினால் அதே வேகத்தில் பினியன் சுற்றும், நடுவில் கியர் கிடையாது. கனம் அதிகம், கரண்டும் அதிகம் குடிக்கும். ஆனால் கார்பன், புஷ் (ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் வெண்கல வளையம்), பெண்டிக்ஸ், சொலினாய்டு, பீல்டு காயில் (உள்சுவரில் காந்தமாக வேலை செய்யும் கம்பிச்சுற்று) என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள். ஆர்மேச்சரின் மேல் ஒரு பக்கமாகப் பளபளவென்று உரசிய கோடு இருந்தால் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உள்சுவரில் இடித்திருக்கிறது. லேசான உரசல் என்றால் புஷ் மாற்றினால் போதும். சுற்று கருகி வார்னிஷ் வாசனை வந்தாலோ, கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளிலிருந்து ஈயம் உருகிச் சிதறியிருந்தாலோ ஆர்மேச்சர் முடிந்தது. க்ரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் மின்காந்தக் கருவி) வைத்து ஷார்ட் பார்க்கச் சொல்லுங்கள். க்ரோலர் இல்லாத கடையில் ஆர்மேச்சர் நல்லதா இல்லையா என்று கண்ணால் சொல்லும் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். ஆர்மேச்சரை ரீவைண்ட் செய்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். லாரி செல்ஃபுக்கு அது எனக்கு உடன்பாடில்லை. 300, 400 ஆம்பியர் பாய்கிற தடித்த பட்டைகளை முனையில் இறுக்கிப் பற்றவைப்பது சிறு பட்டறை வேலை அல்ல.

இரண்டு சின்ன விஷயத்தில் பட்டறைக்காரர்கள் அவசரப்படுவார்கள். ஒன்று, எல்லா உதிரியையும் டீசலில் போட்டுக் கழுவுவது. பெண்டிக்ஸைக் கழுவக் கூடாது. அதன் கிளட்ச்சுக்குள் கம்பெனியிலேயே அடைத்த கிரீஸ் கரைந்து வெளியே போய்விடும், கொஞ்ச நாளில் வழுக்க ஆரம்பிக்கும். துணியால் துடைத்தால் போதும். கையால் திருப்பினால் ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சோதனை. இரண்டு, புது புஷ்ஷை அப்படியே அடித்து இறக்குவது. அந்த வெண்கலப் புஷ் நுண்துளை உள்ளது. ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டால் ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு ஆயுள் முழுக்க அதையே கசியவிடும். காய்ந்த புஷ் சீக்கிரம் தேயும். முந்தின நாளே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ஊறட்டும்.

மோட்டாருக்குள் ஆயில் வழிந்திருந்தால் அது மோட்டார் வேலை மட்டும் அல்ல. கிராங்கின் பின்பக்க சீல் ஒழுகி கிளட்ச் ஹவுசிங் வழியாக வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு கார்பன் மட்டும் மாற்றினால் புதுக் கார்பனும் ஆயிலில் ஊறும்.

நண்பர் சொன்ன கியர் டைப் கெட்டதில்லை. உள்ளே சின்ன ஆர்மேச்சர், அதிவேகமாகச் சுற்றும். அந்த வேகத்தை கியர் வைத்து மூன்றரையிலிருந்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து விசையாக மாற்றிப் பினியனுக்குத் தருகிறது. கனம் ஏறக்குறைய பாதி, கொஞ்சம் குறைந்த கரண்டிலேயே எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுற்றும். பேட்டரிக்கு நிம்மதி. புதிதாக வருகிற லாரிகளில் பெரும்பாலும் இதுதான். பழைய எஞ்சினுக்குப் பொருந்தும்படி லூகாஸ் டிவிஎஸ், பாஷ் போன்ற கம்பெனிகளின் மோட்டார் கிடைக்கும்போது தாராளமாகப் போடலாம். போடுவதற்கு முன் மோட்டாரை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். சொலினாய்டு உட்கார்ந்திருக்கும் கோணம் மாறியிருந்தால் சேசிஸிலோ ஆயில் பைப்பிலோ பெரிய போல்ட் இடிக்கலாம். எஞ்சின் குலுங்கும்போது அந்தப் போல்ட் இரும்பைத் தொட்டால் தீதான்.

கியர் டைப்பில் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டும். பழைய மோட்டார் ஒட்டிக்கொண்டால் ஜாக்கி ராடால் இரண்டு தட்டுத் தட்டி எழுப்புவது நம் டிரைவர்களுக்குக் கைவந்த கலை. பழைய மோட்டாரில் பீல்டு காயில், தட்டினால் தாங்கும். சிறு லாரிகளுக்கு வரும் கியர் டைப் பலவற்றில் பீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம். மண்பாண்டம் போல நொறுங்கும் ஜாதி அது. ஒரு தட்டு, உள்ளே காந்தம் விரிசல், துண்டு பெயர்ந்து ஆர்மேச்சரில் சிக்கும், மோட்டார் போச்சு. வண்டியைத் தம்பியோ சம்பள டிரைவரோ ஓட்டுகிறார் என்றால் இதைச் சொல்லிக் கொடுங்கள். இன்னொரு குறை, சிலவற்றில் உள் கியர் வளையம் நைலான். எஞ்சின் பின்வாங்கி உதைத்தால் பல் சிதறும். வாங்கும்போது கேளுங்கள்.

கம்பெனி பெயர் ஒட்டிய போலியும் சந்தையில் இருக்கிறது. பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காமல், மோட்டாரின் உடம்பிலுள்ள நம்பரும் பெட்டியிலுள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். எலக்ட்ரிக் சாமானை மாட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது பல கடைகளின் சட்டம். அதனால் அளவெல்லாம் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்க முன்பு இருந்த ஆசைக்குக் காரணமும் குறைந்துவிட்டது. பில் இல்லையென்றால் கேரண்டி வெறும் வாய்ப்பேச்சு.

எக்ஸ்சேஞ்ச் மோட்டாரை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் எளிது. உங்கள் மோட்டாரை உங்கள் எதிரிலேயே பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வண்ணம் பூசி அடுக்கி வைத்திருக்கும் மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். கடையில் பேட்டரியில் தொட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். சுமை இல்லாமல் எந்த மோட்டாரும் சுற்றும். எஞ்சினைச் சுற்றும்போதுதான் அதன் குணம் தெரியும். நம் ஊரில் இன்னும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுகளில் ஓடுபவற்றில் நிறைய, லாரி எஞ்சின்களின் உறவுக்கார எஞ்சின்கள்தான். படகிலிருந்து கழற்றிய மோட்டாரும் சுற்றிச் சுற்றிப் பழைய சாமான் கடைக்கு வரும். வெளியே பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே உப்பு தின்றிருக்கும். சில படகு மோட்டார்களில் எர்த் உடம்பு வழியாகப் போகாமல் தனி டெர்மினலாக வரும். உடம்பில் எர்த் எதிர்பார்க்கிற உங்கள் வண்டியில் அதை அப்படியே மாட்டினால் அசையாது. பின்பக்கம் கூடுதலாக ஒரு பெரிய போல்ட் தனியாகத் தெரிந்தால் அது எதற்கு என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மாட்டும்போது: பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஃப்ளேஞ்ச் உட்காரும் முகத்தில் பெயின்ட்டும் துருவும் இருந்தால் இரும்பு தெரிய எமரி போடுங்கள். எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் போகிறது. புது மோட்டாரின் பளபளப்பான பெயின்ட்டும் இதில் எதிரிதான். லக்குகளை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், இறுக்குவதற்கு முன்பு அல்ல.

பழைய வண்டியில் சொலினாய்டு இழுக்கும் கரண்ட் முழுக்கச் சாவி சுவிட்ச் வழியாகப் போகிறது. அந்தச் சுவிட்ச் தேய்ந்திருந்தால் சொலினாய்டுக்கு வோல்ட் குறையும், செம்புத் தட்டு அரைகுறையாக ஒட்டிப் பொறி பறக்கும், ஒருநாள் ஒட்டியே போகும். சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த நிலை ஆபத்தானது. ஒரு ஸ்டார்ட்டர் ரிலேயும், பேட்டரி பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு மோட்டார் விலையில் சின்னப் பங்குதான். செல்ஃபை ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவே அரை நிமிடமாவது ஆற விடுங்கள். டீசல் லைனில் காற்றுப் புகுந்த எஞ்சினை மோட்டாரால் ஸ்டார்ட் செய்ய முடியாது, மோட்டாரை எரிக்கத்தான் முடியும்.

வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஸ்குரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் வேலை உங்கள் பக்கமும் இருக்கும். கியரில் இருக்கும் வண்டி அப்போது ஆள் மேல் ஏறும். அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். பேச்சிப்பாறை, குலசேகரம் மாதிரி மேடு பள்ளமான ஊரில் ராத்திரி சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் பழக்கம்தான். மோட்டார் வேலை முடியும் வரை வேறு வழியில்லை என்றால், சுமை இல்லாமல் செய்யுங்கள். 407-இன் பிரேக்குக்கு வேக்யூம் துணை எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். எஞ்சின் பிடிக்காத நிலையில் இறக்கத்தில் மிதித்தால் மிதி கல்லாக இருக்கும், குலை ஏற்றிய வண்டி நிற்காது.

புது மோட்டார்தான் வாங்குகிறீர்கள் என்றாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் கழிக்கிற தொகை பெரிதாக இருக்காது. ஒரிஜினல் வெளிக்கூடும் ஃப்ளேஞ்சும் உங்கள் எஞ்சினுக்கு அளவெடுத்தது போலப் பொருந்துபவை. ஆர்மேச்சர் நல்லதாக இருந்தால் கார்பன், புஷ் மட்டும் போட்டு, சாக்கில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.